பார்சலோடு வந்த திட்டு

மார்ச் 2, ஞாயிறு

மருமகளுக்கு,

இங்கே நான் நலம். நீயும் என் பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள். நலமில்லை என்றால் அவனிடமிருந்து போன் வந்திருக்கும். நலமாக இருக்கும்போது போன் செய்கிற பழக்கம் அவனுக்கு என்றைக்கும் கிடையாது.

நீ சொன்னபடி போனில் அந்தச் சிவப்புப் பொட்டை அழுத்திவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுகிறேன். நான் பேசப் பேச அது எழுதும், நீ எழுதி அனுப்பினால் எனக்குப் படித்துக் காட்டும் என்றாய். சரி. வாரம் ஒரு கடிதம் பேசினால் உனக்குச் சோதனைக்கு ஆகும் என்றாய். அதுவும் சரி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனை உட்காரவைத்துக் கடிதம் எழுதச் சொன்ன முதல் ஆள் நீதான். அது ஒழுங்காக எழுதுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? எதிர்வீட்டுத் தையல்காரத் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்துவிட்டு, "நீங்க இருமினதைத் தவிர எல்லாத்தையும் எழுதியிருக்குண்ணே" என்றாள். அதனால் இதற்கு ஒட்டுக்கேட்பான் என்று பேர் வைத்துவிட்டேன். நீ வைத்திருக்கிற இங்கிலீஷ் பேர் என் வாயில் நுழையவில்லை.

போன மாதம் உன் புருஷன் வாயைத் திறந்து ஒரு விஷயம் சொன்னான். விடிவதற்கு முன்னால் எழுந்து இந்த ஒட்டுக்கேட்பான் வேலையைப் பார்க்கிறாயாம். பிறகு குளித்துவிட்டு ஆபீஸ் வேலையாம். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனால் மறுபடியும் இந்த வேலையாம். "அப்ப அவ எப்ப சாப்பிடுறா?" என்று கேட்டேன். "அது சரியாத் தெரியலப்பா" என்றான். கட்டினவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று தெரியாதவன் கிளினிக்கில் நர்ஸ். ஊராருக்கு நாடி பிடிக்கிறான்.

ஒரு நிமிஷம் இரு. டேய் ஆபரேட்டர்! மாத்திரை போட்டியா? தலையணைக்கடியில ஒளிச்சு வைக்காதே, எனக்கு எல்லாம் தெரியும்! என்னது? தண்ணி இல்லையா? தலைமாட்டுலதான்டா இருக்கு, திரும்பிப் பாரு!

இதையும் எழுதியிருக்குமே. கீழ்வீட்டு ஆபரேட்டரைத்தான் கேட்டேன். சினிமாக் கொட்டகை வாசலில் நான் டிக்கெட் கிழித்த காலத்தில் உள்ளே படம் ஓட்டியவன். இப்போது கால் வீங்கிப் படுத்திருக்கிறான். மாத்திரை என்றால் சின்னப் பிள்ளை மாதிரி ஒளித்து வைப்பான். தினமும் மாடிப்படியில் நின்று நான் சத்தம் போட்டால்தான் விழுங்குவான்.

நீ இந்த வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று நல்ல மழை. ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாய். பச்சைக் குடை, ஒரு கம்பி வளைந்திருந்தது. உட்காரு என்று சொன்னவர்கள் நாலு பேர், குடையை வாங்கி வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கடைசியில் நான் வாங்கினேன். "ரொம்ப நேரமா யாராவது கேப்பாங்களான்னு பார்த்தேன் மாமா" என்றாய். இப்போதும் நீ அப்படித்தான் எதையோ கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று எனக்குப் படுகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

மாமனார்

✦

மார்ச் 5, புதன்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேருந்தில் நின்றுகொண்டே படித்தேன். ஆபரேட்டர் மாமாவின் தண்ணீர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றுகொண்டார்.

நான் சாப்பிடுகிறேன். தட்டு மேசையில் இல்லை, அவ்வளவுதான். பால்கனியில் துணி துவைக்கும் மிஷின் மேல் லேப்டாப், அதன் மேல் தட்டு. மிஷின் சுற்றும்போது எழுத முடியாது என்பதால் அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆபீசில் என் வேலை பார்சல் கம்பெனிக்கு. "உங்கள் பார்சல் இன்று வருகிறது" என்று ஆயிரக்கணக்கான பேருக்குக் காலையில் செய்தி போகிறதே, அதை அனுப்புகிற புரோகிராம் என்னுடையது. ஒட்டுக்கேட்பான் வேலை உங்கள் பிள்ளையின் கிளினிக்குக்கு. அங்கே வருகிற வயதானவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, மீதிப் பேருக்குக் கண் தெரியாது. மாத்திரை நேரத்தில் போன் தானாகப் பேசி ஞாபகப்படுத்தும். அவர்கள் பதில் பேசினால் எழுதி நர்சுக்கு அனுப்பும்.

பெரிய டாக்டர் எழுதிக்கொடுத்த வாசகம் இது: "மதிப்பிற்குரியவரே, தங்கள் மருந்தை உட்கொள்ளும் நேரம் வந்துவிட்டது." போனை எடுத்து, இதைக் கேட்டு, மரியாதையாக வைத்துவிடுகிறார்கள். மாத்திரை டப்பாவில் அப்படியே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் வந்த திட்டை வைத்து நாலு பேருக்கு நேற்று அனுப்பிப் பார்த்தேன். நாலு பேரும் போட்டுவிட்டார்கள். ஒரு பாட்டி, "இந்தப் பையன் யாரு, நல்லாக் கேக்குறானே" என்றாராம். உங்கள் திட்டுகளை நான் எடுத்துக்கொள்ளலாமா?

இன்னொன்று. இது நமக்குள் இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அங்கே வேலையில் இருக்கும்வரை நான் செய்கிற புரோகிராம் எதுவானாலும் கம்பெனிக்குச் சொந்தமாம். கிளினிக் வேலை ஆபீசுக்குத் தெரியாது. காகிதம் இருப்பது உங்கள் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தால் இன்றைக்கே நிறுத்து என்பார். எனக்கு நிறுத்த மனசில்லை, மாமா. ஆபீஸ் வேலை எனக்குச் சோறு போடுகிறது. இது எனக்குப் பசி எடுக்கவைக்கிறது.

அந்தக் குடை இன்னும் இருக்கிறது. கம்பி இன்னும் வளைந்துதான் இருக்கிறது.

உங்கள் மருமகள்

✦

மார்ச் 9, ஞாயிறு

மருமகளுக்கு,

திட்டுகளைத் தாராளமாக எடுத்துக்கொள். என் வீட்டில் விலை கொடுத்து வாங்காத சரக்கு அது ஒன்றுதான்.

ஆனால் ரெண்டு வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், கேள். பகலில் சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்குவேன். சாயங்காலம் தேய்த்துக் குளித்துவிட்டு, கொட்டகை கொடுத்த நீலச்சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் டிக்கெட் கிழிப்பேன். உன் புருஷன் அப்போது கைக்குழந்தை. ரெண்டு முதலாளிக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

ஒரு நாள் இடைவேளை முடிந்து கூட்டம் உள்ளே போகிறது. நான் நின்றபடியே தூங்கியிருக்கிறேன். தோளில் யாரோ இடித்ததும் முழித்தேன். பாதித் தூக்கம், பாதி முழிப்பு. எதிரே வெள்ளையும் சாம்பலுமாகச் சட்டை போட்ட ஒரு கனத்த மனுஷர். என் கை என்னைக் கேட்கவே இல்லை. குனிந்து அவர் இடுப்பைப் பிடித்து, ஒரே தூக்கு, தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள்ளே நடந்தேன். "ஓரம் ஓரம், மூட்டை வருது" என்று சத்தம் வேறு. அவர் கொட்டகை முதலாளியின் மைத்துனர். ஆபரேட்டர் மேலே ஓட்டை வழியாகப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் படம் மங்கிப்போய் ஜனம் விசில் அடித்தது.

வேலை போகவில்லை. முதலாளிக்கு அந்த மைத்துனரைப் பிடிக்காது. "அடிக்கடி தூக்காதேப்பா" என்று மட்டும் சொன்னார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், கை ஒரு வேலையைப் பழகிவிட்டால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்க்காது. எனக்கு நீலச்சட்டை இருந்தது, இருந்தும் தப்பு நடந்தது. உனக்கு எது நீலச்சட்டை? ரெண்டு வேலையும் ஒரே மிஷின் மேல் வைத்துச் செய்கிறாய் என்று உன் கடிதம் சொல்கிறது. துவைக்கிற மிஷினைச் சொல்லவில்லை.

என் பிள்ளையிடம் மறைக்கிறது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நீ என்னிடம் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ரெண்டும் உண்மை. வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மாமனார்

✦

மார்ச் 14, வெள்ளி

மாமா,

இதைக் காகிதத்தில் எழுதித் தையல்கார அத்தையின் முகவரிக்கு அனுப்புகிறேன். அவர் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். ஏன் காகிதம் என்றால் ஒட்டுக்கேட்பானை நேற்று நிறுத்திவிட்டேன். நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் சொன்னதுதான் நடந்தது. நான் மைத்துனரைத் தூக்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை. என் லேப்டாப்பில் ரெண்டு கறுப்பு ஜன்னல் திறந்திருக்கும். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று கிளினிக்குக்கு. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. ரெண்டிலும் "அனுப்பு" என்று அடித்தால் அனுப்பும். உங்கள் திட்டைச் சோதனைக்கு என் போனுக்கு மட்டும் அனுப்ப நினைத்தேன். ஒரு கையில் டீ. இன்னொரு கையால் ஆபீஸ் ஜன்னலில் அடித்துவிட்டேன். அன்றைக்குப் பார்சல் வரவேண்டிய அத்தனை பேருக்கும், கம்பெனி பேரோடு, ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது:

"டேய், மாத்திரை போட்டியா? தலையணைக்கடியில ஒளிச்சு வைக்காதே. எனக்கு எல்லாம் தெரியும்."

என் போன் மட்டும் சத்தம் போடவில்லை. ஏன் வரவில்லை என்று இன்னொரு வாய் டீ குடித்தேன். அப்போதுதான் எந்த ஜன்னல் என்று பார்த்தேன். போனதைத் திருப்பிக் கூப்பிட வழி கிடையாது, மாமா. டீ ஆறிப்போனது, நான் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கம்பெனி போன்கள் அடிக்க ஆரம்பித்தன. ஒரு அம்மா, "எங்க வீட்டுக்காரரை எத்தனை நாளா வேவு பாக்குறீங்க? அவர் நெசமாவே ஒளிச்சுத்தான் வச்சிருந்தாரு" என்றார். தலையணை வாங்கியிருந்த ஒருவர், "உறையைப் பிரிச்சு உள்ளே வரைக்கும் பார்த்துட்டேன், மாத்திரை எதுவும் இல்லையே, அது தனியா வருமா?" என்று கேட்டார். எல்லாரும் இப்படி இல்லை. பயந்தவர்கள் இருந்தார்கள். கோபப்பட்டவர்கள் நிறையப் பேர்.

மேனேஜர் நல்ல மனுஷர். கத்தவில்லை. "இந்த வாசகம் நம்ம வாசகம் இல்லையே, யாரோடது?" என்று மட்டும் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது ரெண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒட்டுக்கேட்பானைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வேலையில் இருக்கலாம். இல்லை, சத்தமில்லாமல் விலகிக்கொள்ளலாம். விலகினால் அவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள். இருபத்துநாலாம் தேதி திங்கட்கிழமை பதில் சொல்லணும். அதுவரை அதை ஓட்டக்கூடாது. கிளினிக்கில் "ரிப்பேர்" என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளையிடமும் அதேதான். அவர் ரெண்டு நாளாக என் முகத்தையே பார்ப்பதில்லை. ஏதோ சந்தேகம் போலிருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் என்னை வேறு மாதிரி உறுத்துகிறது. செவ்வாயன்று அந்தச் செய்திக்கு யாரோ ஒருவர் "போட்டேன்" என்று பதில் அனுப்பியிருக்கிறார். கோபமில்லை, கேள்வியில்லை. மறுநாளும் காலையில் "போட்டேன்". நேற்றும், இன்றும். அந்த எண்ணிலிருந்து யாரும் பதில் சொல்லக்கூடாது என்பது கம்பெனி விதி.

உங்கள் மருமகள்

✦

மார்ச் 19, புதன்

மருமகளுக்கு,

தங்கச்சி கையால் எழுதுகிறேன். நான் சொல்வதை மட்டும் எழுது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

(சொன்னார். தலையாட்டினேன். தலையாட்டுவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. — தையல்காரி)

உன் கடிதத்தை ஆபரேட்டரும் கேட்கட்டும் என்று அவன் கட்டில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். தலையணைக்காரர் கதையில் அவன் சிரித்ததில் கட்டில் ஆடியது. அப்புறம் கோபித்துக்கொண்டான். "எனக்குன்னு இருந்த ஒரே திட்டு, அதையும் ஊருக்கே குடுத்துட்டியேடா" என்றான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுதிக்கொடுத்துவிடு. யோசிக்காதே. வேலை பெரிது. ரெண்டு பேர் சம்பளத்தில் ஓடுகிற வண்டியில் ஒரு சக்கரத்தைக் கழற்றாதே. ஒட்டுக்கேட்பானுக்காக என்று ஏதாவது நினைத்தால் அந்த நினைப்பை விடு. எனக்கு அது தேவையே இல்லை. சொல்லப்போனால் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. உன் மனசு நோகக்கூடாது என்று பேசினேன். இத்தனை வருஷம் கடிதம் எழுதாமல் இருந்தவனுக்கு இனிமேல் எழுதாமல் இருப்பது என்ன கஷ்டம்?

(முழுப் பொய். நேற்றுக் காலையில் நான் துணி உலர்த்தப் போகும்போது பார்க்கிறேன், ஜன்னலோரம் உட்கார்ந்து அணைந்த போனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். கொட்டகைக் கதை ஒன்று, நடுவில் நிறுத்தி "அன்னைக்கு நீ இருந்திருக்கணும் மருமகளே" என்கிறார். "அதான் ஓடலையேண்ணே" என்றேன். "ஓடாட்டி என்ன, பழக்கம் விட்டுப்போயிடக் கூடாதுல்ல" என்றார். அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். பிள்ளை பேசாத வீட்டில், பேசினால் கேட்க ஒன்று கிடைத்ததே என்று இருந்தார். இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. "ரெண்டு வரிக்கு ஏன் இவ்வளவு நேரம்" என்கிறார்.)

தங்கச்சி எழுத்து ரொம்பப் பெரிசு போலிருக்கிறது, நான் சொன்ன ரெண்டு வரிக்குப் பக்கம் நிறைந்துவிட்டது.

இன்னொரு சமாச்சாரம். அந்தப் "போட்டேன்" ஆள். அதென்ன விதி? ஒரு மனுஷன் தினமும் வாசலில் வந்து நின்று பதில் சொல்கிறான், உள்ளே இருக்கிறவன் கதவைத் திறக்கமாட்டேன் என்றால் அது கம்பெனியா, கல்லறையா? உன் மேனேஜரிடம் நான் கேட்டதாகக் கேள்.

கடைசியாக ஒன்று. என் பிள்ளையிடம் சொல்லிவிடு. மடியில் கனத்தோடு நடக்காதே. அவன் கோபப்பட்டால் என்னிடம் அனுப்பு.

மாமனார்

(பதில் உடனே போடு கண்ணு. எனக்குத் தைக்க வேண்டியது நிறையக் கிடக்கிறது, ஆனால் மனசு ஓடவில்லை.)

✦

ஏப்ரல் 4, வெள்ளி

அன்புள்ள மாமாவுக்கு,

இது காகிதம் இல்லை. போன் தானாகப் படித்துக் காட்டுகிறது என்றால் ஒட்டுக்கேட்பான் எழுந்துவிட்டான் என்று அர்த்தம். போனில் "நல்லபடியா முடிஞ்சது, அப்புறம் எழுதுறேன்" என்று மட்டும் சொல்லி உங்களைக் காக்கவைத்தேன். முடிந்தபிறகும் முடியாமல் கொஞ்சம் இருந்தது.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்று சாயங்காலமே உங்கள் பிள்ளையிடம் உட்கார்ந்து சொன்னேன். காகிதம், ரெண்டு ஜன்னல், டீ, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நானும் அழ ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் மனுஷர் சிரிப்பை அடக்க முடியாமல் சிவந்துபோயிருக்கிறார்.

"எனக்கும் வந்துச்சு" என்றார்.

"என்ன வந்துச்சு?"

"மெசேஜ்தான். அன்னைக்கு எனக்கு வார்டுக்குப் போட்டுக்கிற செருப்பு பார்சல்ல வரவேண்டியிருந்தது. செருப்பு வருதுன்னு போனைப் பார்த்தா எங்கப்பா வந்திருக்காரு. சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல் வந்தா கட்டில்கிட்ட நின்னு இதே வார்த்தை, இதே டேய். உலகத்துல இப்படிக் கேக்குற ஆள் ஒருத்தர்தான். ஊசி போட்டுக்கிட்டிருந்தேன், அந்தப் பெரியவரைக் காத்திருக்கச் சொல்லிட்டு, துணி வைக்கிற ரூமுக்குள்ள போய் நின்னு சிரிச்சேன்."

"அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். உன் முகத்தைப் பார்த்தா சிரிச்சுடுவேன். அதான் பார்க்கல."

நான் கோபம் என்று நினைத்து எத்தனை நாள் அந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டேன்! இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. "ரிப்பேர்" என்று நான் சொன்ன நாளிலிருந்து, தன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் அவரே போன் போட்டு மாத்திரையை ஞாபகப்படுத்தியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் வீட்டில் சாப்பிடாமல் வேலை பார்ப்பது நான் மட்டும் இல்லை, மாமா.

எதை விடுவது என்று கேட்டேன். "அதை நான் சொல்லமாட்டேன். நீ எதை விட்டாலும் பட்ஜெட் போடுறது என் பொறுப்பு" என்றார். அப்போது உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்தார். தையல்கார அத்தை எழுதிய இடத்தை மறுபடி படித்தார். பிறகு எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அதன் பிறகு எனக்கு யோசிக்க எதுவும் இல்லை.

மாமா, அத்தையைத் திட்டாதீர்கள். என்ன எழுதினார் என்று அவரையே கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

திங்கட்கிழமை அவர்கள் முன்னால் உட்கார்ந்தேன். எழுதிக்கொடுத்தால் இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மேலதிகாரி அம்மா, "இப்போதைக்கு எதுவும் செய்யமாட்டோம். ஆனால் எங்களுடையதாக இருக்கும்" என்றார். எதுவும் செய்யாமல் வைத்திருக்க ஒருத்தருக்குக் கொடுப்பதா? விலகுகிறேன் என்றேன். அந்த வேலையும் எனக்குப் பிடித்த வேலைதான்.

மேசையைக் காலி செய்யும்போது மேனேஜரிடம் நீங்கள் கேட்டதாகக் கேட்டேன். கம்பெனியா, கல்லறையா என்பதைக் கொஞ்சம் மழுப்பிச் சொன்னேன். அவர் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கப் போய்விட்டார். திரையில் அந்தப் பதில்கள் வரிசையாக இருந்தன. அன்று காலைகூட ஒரு "போட்டேன்".

"நல்லது. இனி இந்த எண்ணிலிருந்து பார்சல் செய்தி மட்டும்தான் வரும். மாத்திரையை நீங்களே ஞாபகம் வைத்துப் போடுங்கள்" என்று அடித்தேன். இந்த முறை எந்த ஜன்னல் என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"சரிடா."

மேனேஜர் திரும்பாமலே என்ன பதில் என்று கேட்டார். சொன்னேன். முதுகு குலுங்கச் சிரித்தார்.

இந்த வாரம் ஒரு சின்ன இடத்தில் சேர்ந்துவிட்டேன். பள்ளிக்கூட நூலகங்களுக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள். சம்பளம் குறைவு, ஆபீஸ் ஒரு பேக்கரிக்கு மேலே, நாள் முழுக்க ரொட்டி வாசனை. அங்கேயும் ஒரு காகிதம் நீட்டினார்கள். அதில் "எதுவானாலும் எங்களுக்குச் சொந்தம்" என்கிற வரியைக் காட்டி, இதை அடித்தால்தான் கையெழுத்து என்றேன். முதலாளி பேனா எடுத்து அடித்தார். அவரும் சாயங்காலத்தில் வேறு ஏதோ செய்கிறாராம்.

ஆக, மறுபடியும் ரெண்டு வேலைதான். கிளினிக் வேலைக்குப் பழைய லேப்டாப் ஒன்று தனியாக வாங்கி, மூடியில் நீலத் துணி ஒட்டியிருக்கிறேன். என் நீலச்சட்டை.

கிளினிக்கில் ஒரு புதுப் பிரச்சினை. உங்கள் பிள்ளை போன் செய்த நாட்களில், "நீ நல்ல பையன்தான் தம்பி, ஆனா அந்தத் திட்டுறவரு எங்கே?" என்று உங்கள் திட்டு வாங்கியிருந்தவர்களெல்லாம் கேட்டிருக்கிறார்கள். மிஷின் குரல் அவர்களுக்குப் போதாதாம், உண்மையான குரல் வேண்டுமாம். நீங்களே பேசிக் கொடுப்பீர்களா? ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து திட்டு போதும்.

உங்கள் மருமகள்

✦

ஏப்ரல் 13, ஞாயிறு

மருமகளுக்கு,

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். எழுதிக்கொடு என்று பெரியவன் சொன்னால் எழுதிக்கொடுக்கணும். சொன்ன பேச்சைக் கேட்காத மருமகள் நீ. இந்தத் தெருவில் வேறு யாருக்கும் இப்படி வாய்க்கவில்லை. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

தங்கச்சியைக் கேட்டேன். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் என்னத்தைண்ணே எழுதினேன், தேதி, முகவரி, அவ்வளவுதான்" என்றாள். அவளோடு ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டைப் பொத்தான் அறுந்தது, பேசிவிட்டேன்.

உன் புருஷன் வியாழக்கிழமை போன் செய்தான். நலமாக இருக்கும்போதே செய்தான். எடுத்ததும் யாருக்கு என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்றான். சும்மா செய்கிறவனிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. அப்புறம், "செருப்பு வந்து சேர்ந்துச்சாடா?" என்று கேட்டேன். அதற்கு மேல் அவனை நிறுத்த முடியவில்லை. செருப்பிலிருந்து ஆரம்பித்து வார்டு, டாக்டர், ஊசிக்குப் பயப்படுகிற போலீஸ்காரர் என்று போய்க்கொண்டே இருந்தான். பேசத் தெரியாது என்று நினைத்திருந்தேன். கேட்க வேண்டியதை நான்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

அந்தச் "சரிடா" ஆளைப் பற்றி ஆபரேட்டரிடம் சொன்னேன். மரியாதை தெரிந்த ஆள் என்றான்.

நீ சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வந்ததில் எனக்கு வருத்தம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அதையும் தங்கச்சி உனக்கு எழுதிவிடுவாள். ஆனால் ரொட்டி வாசனையில் உட்கார்ந்திருக்கிறாய் என்பது ஒரு நிம்மதி. அந்த வாசனையிலாவது பசி ஞாபகம் வரும்.

திட்டு வேலைக்கு நான் தயார். நேற்றிலிருந்தே தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன். பெண்களுக்கு ஒரு மாதிரி, ஆண்களுக்கு ஒரு மாதிரி, என்னைவிட மூத்தவர்களுக்கு "டேய்" இல்லாமல் ஒரு மாதிரி என்று பிரித்துவைத்திருக்கிறேன். அடம் பிடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது, அதை டாக்டருக்குப் போட்டுக் காட்டிவிட்டு அனுப்பு.

நீ எனக்கும் ஏதாவது காகிதம் நீட்டுவாயா? நீட்டினால் கைநாட்டு வைப்பேன், அந்தப் பயம் வேண்டாம். ஆனால் நீ செய்த மாதிரி ஒரு வரியை அடித்துவிட்டுத்தான் வைப்பேன். என் திட்டு எல்லாம் உனக்குச் சொந்தம் என்று போடாதே. ஞாயிற்றுக்கிழமை திட்டுகிறது உனக்கு. மற்ற நாளெல்லாம் மாடிப்படியில் நின்று திட்டுகிறது ஆபரேட்டருக்கு. அவன் ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மாமனார்